வெயில் வந்தா டிவி போயிடும்!

ஒரு குட்டிப் புதிரோட ஆரம்பிப்போமா பாஸ்?

ராத்திரி முழுக்கப் பனி கொட்டுது. லேசா இல்லை, காலையில கதவைத் திறந்தா முழங்கால் வரைக்கும் புதையுற அளவு. அவ்வளவு பனியிலும் டிவி ஜம்முனு ஓடுது. மறுநாள் வானம் கழுவி விட்ட மாதிரி நீலமா இருக்கு, சுள்ளுனு வெயில் வேற. பகல் பதினொரு மணிக்கு டிவியைப் போட்டா, 'நோ சிக்னல்'!

பனி கொட்டுறப்ப வந்த சிக்னல், வெயில் அடிக்கிறப்ப எங்கே போச்சு?

நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் மூணாவது வருஷம். ஆன்டெனா பேப்பர் எழுதி ஒரு மாசம்கூட ஆகலை. எனக்கே பதில் தெரியலை. எழுபது தாண்டின ஒரு பாட்டிக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். அதுல நான் பண்ணின கேனத்தனமும் வரும். சிரிச்சுக்குங்க, தப்பில்லை.

இடம், இமாச்சலப் பிரதேசத்துல இருக்கிற லாஹோல் பள்ளத்தாக்கு. என் ஹாஸ்டல் ரூம்மேட் அந்த ஊர்க்காரன். (பேரைப் போட்டா கொன்னுடுவேன்னு மிரட்டியிருக்கான். அதனால அவன் இந்தக் கட்டுரை முழுக்க ரூம்மேட்தான்.) நம்ம ஊருக்கு வந்து ரெண்டே வருஷத்துல பரோட்டாவுக்கு சால்னா பத்தலைன்னு சண்டை போடுற அளவுக்குத் தேறிட்டான். "ஒரு தடவை எங்க ஊர்க் குளிரைப் பாரு மச்சான்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தவன், போன ஜனவரி செமஸ்டர் லீவுல கையோட இழுத்துட்டுப் போயிட்டான். சென்னையில இருந்து டெல்லிக்கு ரயில், டெல்லியில இருந்து மணாலிக்கு நைட் பஸ். அதுவரைக்கும் எல்லாரும் போற ரூட்தான்.

மணாலிக்கு அப்புறம்தான் விஷயமே. முன்னாடியெல்லாம் லாஹோல் போகணும்னா, 3,978 மீட்டர் உயரத்துல இருக்கிற ரோஹ்தாங் கணவாயைத் தாண்டணும். குளிர்காலம் வந்தா அது மூடிடும். ஆறு மாசம் போல உள்ளே இருக்கிறவங்க உள்ளே, வெளியே இருக்கிறவங்க வெளியே. அவசரம்னா ஹெலிகாப்டர், அதுவும் வானிலை மனசு வெச்சா. 2020 அக்டோபர்ல அடல் சுரங்கப் பாதை திறந்த பிறகுதான் கதை மாறுச்சு. 9.02 கிலோ மீட்டர். இந்தப் பக்கம் நுழையுறப்ப தேவதாரு மரம், டூரிஸ்ட் கூட்டம், மேகி கடை. பத்து நிமிஷம் கழிச்சு அந்தப் பக்கம் வெளியே வந்தா மரமும் இல்லை, சத்தமும் இல்லை. கறுப்பு மலை, வெள்ளைப் பனி, நடுவுல பாதி உறைஞ்ச சந்திரா ஆறு. யாரோ டிவியில கலரைக் குறைச்சுட்ட மாதிரி இருந்துச்சு.

ஆனா சுரங்கம் திறந்தே இருந்தாலும், அதுக்குப் போற ரோட்டுல பனி விழுந்தா கதை முடிஞ்சது. எல்லைச் சாலைகள் அமைப்போட மெஷின் வந்து வழி பண்ற வரைக்கும் பழையபடி தீவுதான். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வருது.

வீடு, கேலாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கிராமத்துல. கீழ்த்தளத்துல மாடுகள், மேலே மனுஷங்க, அதுக்கு மேலே தட்டையான மண் கூரை. குளிர்காலத்துல குடும்பமே ஒரு ரூமுக்குள்ள வந்துடும். நடுவுல தந்தூர்னு ஒரு இரும்பு அடுப்பு, அதோட புகைக்குழாய் கூரையைத் துளைச்சுக்கிட்டு மேலே போகும். அதைச் சுத்தித்தான் சமையல், சாப்பாடு, தூக்கம், பின்னல் வேலை எல்லாம். லாஹோல் கம்பளி சாக்ஸுக்கும் கையுறைக்கும் 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு தெரியுமா? பாட்டி டிவியைப் பார்த்துக்கிட்டே, ஊசியைக் குனிஞ்சுகூடப் பார்க்காம, ஒரே ராத்திரியில ஒரு சாக்ஸ் முடிச்சாங்க. எனக்கு ஒரு ஜோடி கிடைச்சது. இதை எழுதுறப்ப மதுரையில ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு, அதனால காலில் இல்லை.

நான் போனப்ப வீட்டுல தாத்தா, பாட்டி, ரூம்மேட் மட்டும். அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அப்பா அவங்களை குல்லுவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தார். ரெண்டு நாள்ல திரும்பணும். அந்த நேரம் பார்த்துதான் பனி கொட்ட ஆரம்பிச்சது. ராத்திரியே கரன்ட் போய், விடியற்காலையில வந்துருச்சு. மொபைல் டவர் மட்டும் வரவே இல்லை. ரோடு திறந்துதா, சுரங்கம் வரைக்கும் வண்டி விடுறாங்களா, பனிச்சரிவு எச்சரிக்கை எதுவும் இருக்கா... எது தெரியணும்னாலும் மிச்சம் இருந்த ஒரே வழி, மூலையில இருந்த டிவி. மாசக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல 'டிடி டைரக்ட் பிளஸ்'னு ஆரம்பிச்ச அதே சர்வீஸ்தான். மாடி வீட்டுக்காரங்க பலருக்கு நம்ம ஊர்ல இது இருக்கிறதே தெரியாது. மலையில இதுதான் உயிர்.

காலையில பளிச்சுனு வெயில் வந்ததும் நான் குஷியாகி, "இனிமே சிக்னல் சூப்பரா இருக்கும்"னேன். பாட்டி ஊசியை நிறுத்தாமலே சொன்னாங்க: "தூப் ஆயேகா, டிவி ஜாயேகா." வெயில் வரும், டிவி போகும்.

எனக்குச் சிரிப்பு. மனசுக்குள்ள 'ரெயின் ஃபேட்' சாப்டர் ஓடுது. மழை பெய்ஞ்சா சிக்னல் குறையும், அப்போ பனி பெய்ஞ்சாலும் குறையணும், வானம் தெளிஞ்சா கூடணும். இவ்வளவுதானே?

பதினொரு மணிக்கு, நோ சிக்னல்.

பாட்டி சொன்னதுல இருக்கிற சயின்ஸ் இதுதான். டிடிஹெச் சிக்னல் நமக்கு வர்றது கேயூ பேண்டுல, 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையைக் குடிக்கிறது தண்ணி. ஐஸ் இல்லை. கடுங்குளிர்ல விழுற காய்ஞ்ச பனி கிட்டத்தட்ட ஐஸும் காத்தும்தான். அலை அதுக்குள்ள புகுந்து வந்துடும். அதனாலதான் ராத்திரி மைனஸ் டிகிரியில கொட்டினப்ப டிவி அசையலை. காலையில வெயில் பட்டு, டிஷ்ஷோட கீழ்ப்பாதியில தங்கியிருந்த பனி உருக ஆரம்பிச்சதும், அது ஈரத் துணி மாதிரி ஆயிடுது. அலை டிஷ்ஷுல பட்டுத் திரும்பணும் இல்லையா? போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தடவை அந்த ஈரத்தைத் தாண்டணும். அதோட, டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற எல்என்பி மூக்குலயும் நனைஞ்ச பனி ஒட்டிக்குது. அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ்.

செட்டாப் பாக்ஸ் மெனுவுல ரெண்டு கோடு இருக்கும், பார்த்திருப்பீங்க. 'ஸ்ட்ரெங்த்', 'குவாலிட்டி'. எங்களுக்கு ஸ்ட்ரெங்த் நிறைய இருந்துச்சு, குவாலிட்டி ஜீரோ. ஸ்ட்ரெங்த் கோட்டுல இரைச்சலும் சேர்ந்துதான் கணக்கு. அதை நம்பி ஏமாறாதீங்க. குவாலிட்டி சொல்றதுதான் நிஜம்.

இதையெல்லாம் இப்போ கோர்வையா எழுதுறேன். அன்னிக்கு நான் பண்ணினது என்ன தெரியுமா? தந்தூர் மேலே எப்பவும் ஒரு கெட்டில் கொதிச்சுக்கிட்டே இருக்கும். அதைத் தூக்கிக்கிட்டு மர ஏணியில ஏறினேன். "மச்சான், தாதி வேணாங்கிறாங்க"ன்னு ரூம்மேட் கத்துறான். "ஈஸி டா"ன்னு சொல்லிட்டு, டிஷ் மேலே சுடுதண்ணியை ஊத்தினேன்.

பனி வழுக்கிக்கிட்டு விழுந்துச்சு. கீழே இருந்து "ஆ கயா!"ன்னு சத்தம். அஞ்சு நிமிஷம் நான் ஹீரோ.

ஆறாவது நிமிஷம் மலை நிழல் கூரை மேலே வந்துச்சு. அங்கே நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவுல ஒரு சீசனே இருக்கு. டிஷ்ஷுல ஓடிக்கிட்டிருந்த தண்ணி அப்படியே கண்ணாடியாச்சு. ஒரு பக்கம் மெல்லிசா, இன்னொரு பக்கம் தடிப்பா. ஐஸ்தான் சிக்னலைக் குடிக்காதேன்னு கேட்பீங்க. குடிக்காது, ஆனா குழப்பும். 5 மில்லி மீட்டர் ஐஸுக்குள்ள அலை போய்ட்டு வந்தா, கிட்டத்தட்ட 8 மில்லி மீட்டர் கூடுதலா நடந்த மாதிரி. அலையோட மொத்த நீளமே 26 மில்லி மீட்டர். டிஷ்ஷோட ஒவ்வொரு இடத்துல இருந்தும் வர்ற அலை ஒண்ணா வந்து சேர்ந்தாத்தான் சிக்னல். இப்போ ஒருத்தன் முன்னாடி, ஒருத்தன் லேட்டு. பி.டி. பீரியட்ல எங்க க்ளாஸ் நடக்கிற மார்ச்-பாஸ்ட் மாதிரி.

நான் அதோட விட்டேனா? கரண்டிக் காம்பால ஐஸைத் தட்டினேன். ஐஸ் போகலை, டிஷ் திரும்பிடுச்சு. 60 சென்டி மீட்டர் டிஷ்ஷுக்குப் பார்வை அகலம் சுமார் 3 டிகிரிதான். விளிம்புல 5 மில்லி மீட்டர் நகர்ந்தா 1 டிகிரி போச்சு. நான் தட்டின தட்டுல எவ்வளவு போச்சோ, சாட்டிலைட்டுக்கே வெளிச்சம்.

சாயங்காலம் நியூஸ் நேரம். டிவி நீலமா முழிச்சுக்கிட்டு இருக்கு. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சு. தாத்தா மெதுவா எழுந்தார். கைத்தடியைச் சுவத்துல சாய்ச்சுட்டு, பூட்ஸைத் தேடினார். பாட்டி கையில இருந்த ஊசி அப்போதான் முதல் தடவையா நின்னுச்சு. அவங்க மொழியில என்னமோ சொன்னாங்க. குரல் உயரலை. தாத்தா பூட்ஸைக் கீழே வெச்சுட்டு உட்கார்ந்துட்டார்.

வெளியே விறகு எடுக்கப் போனப்ப ரூம்மேட் சொன்னான். அவன் பத்தாவது படிக்கிறப்ப, இதே டிஷ்ஷுல பனி தட்டத்தான் தாத்தா மேலே ஏறினார். ஐஸ்ல கால் வழுக்கி, கூரையில இருந்து முற்றத்துல விழுந்தார். இடுப்பெலும்பு. அப்போ சுரங்கம் கிடையாது, கணவாய் மூடியிருந்துச்சு. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள நாலு நாள். "அந்த நாலு நாளும் தாதி தூங்கலை. அதுக்கப்புறம் வெயில் வந்தா டிவி போகட்டும், சாயங்காலம் பனி இறுகினதும் தானா வரும்னு விட்டுடுவாங்க. யாரும் மேலே ஏறக் கூடாது. நீ கெஸ்ட்டுன்னு உன்னை அவங்களால அதட்ட முடியலை."

சுருக்கமா, பேசாம இருந்திருந்தா ஆறு மணிக்கு டிவி தானாவே வந்திருக்கும். நான்தான் கெடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மா எந்த ஊர்ல மாட்டிக்கிட்டிருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது. நோட்டை எடுத்து வெச்சுக் கணக்குப் போட்டேன். டிஷ் ஏன் கூரையில இருக்கணும்? நம்ம ஊர்ல மொட்டை மாடியில வெக்கிறோம், அதனால எல்லா ஊர்லயும் மாடியிலதான் வெக்கிறாங்க. ஆனா சாட்டிலைட்டுக்கு உயரம் தேவையில்லை. அது 36,000 கிலோ மீட்டர் தூரத்துல இருக்கு. நீங்க பத்து அடி மேலே ஏறிப் போறதால அதுக்கு ஒண்ணும் இல்லை. தேவை, நேர் பார்வை மட்டும்தான்.

ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15 சாட்டிலைட்ல. 2015 நவம்பர்ல ஏவினது, 93.5 டிகிரி கிழக்குல நிக்குது. மதுரையில இருந்து பார்த்தா அது 68 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. அதனால நம்ம ஊர் டிஷ் எல்லாம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும். லாஹோல் வடக்கே தள்ளி இருக்கிறதால 48 டிகிரிதான். திசை, தெற்குல இருந்து 29 டிகிரி கிழக்கே தள்ளி. அப்போ தென்கிழக்கைப் பார்த்த ஒரு சுவரோ திண்ணையோ போதும், கைக்கு எட்டுற உயரத்துல மாட்டிடலாம்!

காலையில காம்பஸோட கிளம்பி, முற்றத்துப் பக்கம் ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்தேன். பாட்டி வந்து பார்த்துட்டு தலையை ஆட்டினாங்க. "இங்கேதான் கூரைப் பனியைத் தள்ளுவோம்." மண் கூரையில பனியைச் சேரவிட்டா பாரம் தாங்காது. ஒவ்வொரு பனிக்கும் மண்வாரியால தள்ளியே ஆகணும். (அந்த வேலைக்கு இப்போ இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுதான் ஏறுறாங்க.) என் இடத்துல மாட்டியிருந்தா, முதல் நாளே டிஷ்ஷுக்குச் சமாதி.

பிறகு பாட்டியே மரத் தாழ்வாரத்தோட ஓரத்தைக் காட்டினாங்க. காலை வெயில்ல உட்கார்ந்து பின்னுற இடம் அது. நான் கணக்கைச் சரிபார்த்தேன். ஜனவரியில காலை பத்தே முக்காலுக்குச் சூரியன் நிக்கிற திசையும் ஜிசாட்-15 இருக்கிற திசையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சூரியன் 30 டிகிரி உயரத்துல இருக்கும், சாட்டிலைட் 48-ல. அந்த நேரத்துக்குப் பாட்டி மேலே வெயில் விழுதுன்னா, மலை மறைக்கலைன்னு அர்த்தம். கூரை விளிம்பு மட்டும் இடிக்காமப் பார்த்துக்கிட்டா போதும். நான் காம்பஸ் வெச்சுத் தேடினதை அவங்க வருஷக்கணக்கா உட்கார்ந்தே கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க!

டிஷ்ஷைக் கழட்ட ரூம்மேட் கயிறு கட்டிக்கிட்டு ஏறினான். நான் கீழே கயித்தைப் பிடிச்சேன். நட்டெல்லாம் உறைஞ்சு கிடக்கு, கையுறையோட ஸ்பானர் பிடிக்க முடியலை, கழட்டினா விரல் இரும்புல ஒட்டுது. கேபிளைத் தூக்கிட்டு வந்து அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வெச்சோம். குளிர்ல அந்த பிளாஸ்டிக் உறை விறைச்சுப் போய் வளைச்சா வெடிச்சிடும். கனெக்டர்ல தண்ணி கசிஞ்சு பச்சை பிடிச்சிருந்துச்சு. அதை வெட்டிட்டுப் புதுசாச் சீவி மாட்டி, டேப் சுத்தி, கேபிளை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினோம். தண்ணி கனெக்டருக்குள்ள போகாம அந்தத் தொங்கல் வழியாச் சொட்டிடும்.

எல்என்பிக்குக் கம்பளியில ஒரு குல்லா பின்னித் தரட்டுமான்னு பாட்டி கேட்டாங்க. சீரியஸாத்தான் கேட்டாங்க! கம்பளி நனைஞ்சா அதுவும் ஈரப் பனி மாதிரிதான்னு சொன்னதும், உள்ளே போய் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க. பாதியா வெட்டிக் கவிழ்த்து மாட்டினோம். மெல்லிசுப் பிளாஸ்டிக் அலையை மறைக்காது. குல்லா ரெடி.

அப்புறம் நம்ம அப்பா காலத்து ஆன்டெனா சீன்தான். நான் டிஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு, ரூம்மேட் ஜன்னல்ல, தாத்தா டிவி முன்னாடி. அவர் சொல்றதை அவன் தமிழ்ல மாத்திக் கத்துவான். "லெஃப்ட் மச்சான்... கொஞ்சம்... போச்சு! திரும்ப வா!" நகம் அளவு நகர்த்தி, மூச்சு விட்டு, மறுபடி நகம் அளவு. முக்கால் மணி நேரம். திடீர்னு உள்ளேயிருந்து ஒரு வயலின் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, தாத்தா தெரியாம ஏதோ சேனல் நம்பரை அழுத்தியிருக்கார். டிடி தமிழ்! பொதிகையா இருந்து 2024 ஜனவரியில பேர் மாறின அதே சேனல். வெளியே மைனஸ்ல பனி, உள்ளே கர்னாடகக் கச்சேரி. ஃப்ரீ டிஷ் சிக்னல் நாடு முழுக்க ஒண்ணாத்தான் விழுதுன்னு படிச்சிருக்கேன். அன்னிக்குத்தான் பார்த்தேன். தாத்தா சேனலை மாத்தலை. நான் பார்த்து முடிக்கட்டும்னு பத்து நிமிஷம் காத்திருந்தார்.

அப்புறம் இமாச்சல் நியூஸ். சங்கிலி கட்டின ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டும் சுரங்கத்துக்கு அனுப்புறாங்கன்னு வந்துச்சு. பாட்டி ஒண்ணும் பேசலை. கூடுதலா ரெண்டு கை மாவு எடுத்துப் பிசைய ஆரம்பிச்சாங்க. மறுநாள் மதியம், ஒரு கண்ணுல கறுப்புக் கண்ணாடிக்குள்ள பஞ்சு வெச்ச அம்மாவும், அப்பாவும் ஒரு ஜீப்புல வந்து இறங்கினாங்க.

அடுத்த பனி ரெண்டு நாள் கழிச்சு விழுந்துச்சு. காலையில நான் எழுந்து வர்றப்ப, தாத்தா தாழ்வாரத்துல நின்னுக்கிட்டு, ஒரு கையில கைத்தடி, இன்னொரு கையில மெத்துன்னு ஒரு புல் துடைப்பம். டிஷ்ஷுக்கு முகம் துடைச்சு விடுற மாதிரி மேலேயிருந்து கீழே ஒரு இழுப்பு. முடிஞ்சது. மத்தியானம் வெயில் வந்துச்சு, டிவி போகலை. பாட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாங்க. "என்ன மச்சான்?"னு கேட்டேன். "அடுத்த வருஷம் வந்து மாட்டுத் தொழுவத்தையும் சரி பண்ணித் தருவியான்னு கேட்கிறாங்க"ன்னான்.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுக் கிளம்பினேன். சுரங்கத்தைத் தாண்டி மணாலிக்கு இறங்குற வழியில, கோஷால் கிராமத்துப் பக்கம் வந்ததும் டிரைவர் சட்டுனு பாட்டை நிறுத்தினார். என்னன்னு கேட்டேன். மகர சங்கராந்தியில இருந்து 42 நாள், கோஷாலும் சுத்தி இருக்கிற சில கிராமங்களும் சத்தம் போடாதாம். தெய்வங்கள் தியானத்துல இருக்கிற நாட்கள். டிவி போட மாட்டாங்க, பாட்டு கிடையாது, வயல்ல வேலை கிடையாது.

ஜன்னல் வழியாப் பார்த்தேன். வரிசையா வீடுங்க, கூரைக்குக் கூரை டிஷ். எல்லாத்துலயும் பனி நிறைஞ்சு, வெயில்ல பளபளன்னு உருகிக்கிட்டிருந்துச்சு. துடைக்க ஒருத்தரும் மேலே ஏறலை.